சிங்கப்பூர் 'விகா' இழப்பீடு: எங்கே கை கொடுக்கிறது, எங்கே நழுவுகிறது

கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ அடிபட்டவருக்குச் சிங்கப்பூரில் உள்ள முதல் வழி வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம். ஆங்கிலச் சுருக்கப் பெயரால் 'விகா' என்பார்கள். இதில் பிடித்த விஷயம், யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, வக்கீலும் வேண்டாம். வேலை செய்யும்போது வேலையால் வந்த காயம் என்றால் போதும். குடிபோதை, அடிதடி போன்றவற்றுக்குத்தான் விலக்கு.

டாக்டர் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்தால் வெளிநோயாளியாக முதல் 14 நாளுக்கும், மருத்துவமனை விடுப்பு என்றால் முதல் 60 நாளுக்கும் முழுச் சம்பளம். அதற்குமேல் விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு மருத்துவச் செலவு வரம்பு 53,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அல்லது ஓராண்டு, எது முன்னால் வருகிறதோ அது.

நிரந்தர ஊனத்துக்கான தொகைதான் பலருக்கும் புரியாத இடம். சராசரி மாதச் சம்பளம், வயதுக்கான எண், ஊன சதவீதம் மூன்றையும் பெருக்க வேண்டும். 40 வயது வரை அந்த எண் 181. மாதம் 800 வெள்ளி, 10 சதவீத ஊனம் என்றால் 14,480 வெள்ளி. அதே ஆளுக்கு ஓடியும் (ஓவர்டைம், அதாவது கூடுதல் நேர வேலைச் சம்பளம்) சேர்த்து 1,200 வெள்ளி என்று கணக்கிட்டால் 21,720. ஒரே காயம், 7,240 வெள்ளி வித்தியாசம்! முந்தைய 12 மாத ஓடி இந்தச் சராசரியில் சேர வேண்டும். போக்குவரத்துப் படி சேராது. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் காட்டிக் கணக்குப் போட்டால் இந்தப் பணம் போய்விடும். ஓடியைக் கையில் ரொக்கமாக வாங்கி, சம்பளச் சீட்டு இல்லாதவர் நிலை இன்னும் கஷ்டம். சீட்டுகளையும் வேலை நேர அட்டையையும் மாதாமாதம் போனில் படம் எடுத்து வைப்பது அவ்வளவு முக்கியம்.

அடுத்த ஓட்டை முதல் நாளிலேயே விழுகிறது. கிளினிக்கில் 'ரூமில் வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லச் சொன்னால் சொல்லாதீர்கள். மருத்துவக் குறிப்பில் அது பதிவாகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. 2020 செப்டம்பரிலிருந்து ஒரு நாள் எம்சியோ லைட் டியூட்டியோ (இலகுவான வேலை மட்டும் செய்யச் சொல்வது) கொடுத்தாலே முதலாளி மனிதவள அமைச்சிடம் தெரிவித்தாக வேண்டும். அவர் தெரிவிக்காவிட்டாலும் ஊழியரே ஓராண்டுக்குள் கோரலாம்.

இன்றைய முறையில் பெரும்பாலான கோரிக்கைகளைக் கையாள்வது காப்பீட்டு நிறுவனம். பணம் கொடுக்கும் தரப்பே கணக்கும் போடுவது எங்களுக்கு ஒப்பாத ஏற்பாடு. கணக்கு அறிவிப்பு வந்ததும் சம்பளம், வயது, சதவீதம் மூன்றையும் சரிபாருங்கள். ஆட்சேபிக்க இருப்பது 14 நாள்தான். மௌனமாக இருந்தால் அந்தத் தொகையே நிலைத்துவிடும்.

வலி, வேதனைக்கு இதில் காசு கிடையாது. அது வேண்டுமானால் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். இரண்டு வழியிலும் வாங்க முடியாது. சாட்சி பலமாக இல்லாதவருக்கு விகாதான் பத்திரம்.

ஊருக்குத் திரும்பினாலும் கோரிக்கை செத்துவிடாது. விமானம் ஏறுமுன் ஊர் முகவரி, போன் எண், வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் கோரிக்கையைக் கையாள்பவரிடம் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.