ஏலத்தோட்ட வீட்டுக்கு 48 வோல்ட் ஹைபிரிட் இன்வெர்ட்டர்: ஜெனரேட்டரோடு ஒத்துப்போகிறதா?

குமுளி, வண்டன்மேடு பக்கம் கரண்ட் லைன் எட்டாத தோட்ட வீடுகளுக்கு சோலார், பேட்டரி, ஜெனரேட்டர் மூன்றையும் ஒன்றாகக் கையாளும் இந்த 5 கிலோவாட் ஹைபிரிட் மாடல் தாராளம். கோடையில் குறை சொல்ல முடியாது. ஆனி, ஆடி மழையில் வெயில் குறைந்து ஜெனரேட்டரை நம்பும்போதுதான் சோதனை.

கம்பெனி செட்டிங்கில் சார்ஜ் கரண்ட் 60 ஆம்பியர். 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர் பேட்டரி நான்கை வரிசையாக இணைத்திருந்தால் 15 போதும். கூடினால் பேட்டரி சூடேறி டிஸ்டில்டு வாட்டர் வற்றும், 2 கேவிஏ ஜெனரேட்டரும் திணறும். அப்சார்ப்ஷன், அதாவது சார்ஜின் கடைசிக் கட்டத்தில் பேட்டரியைப் பிடித்துவைக்கும் வோல்ட்டேஜ், 57.6 வோல்ட். இன்புட்டை, ஏறி இறங்கும் வோல்ட்டேஜையும் ஏற்கும் ‘அப்ளையன்ஸ்’ மோடில் வைக்காவிட்டால், ஜெனரேட்டரை ஏற்காமல் ரிலே (உள்ளே இருக்கும் தானியங்கி சுவிட்ச்) டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

ஜெனரேட்டரைத் தானாகக் கிளப்பும் ஆட்டோ ஸ்டார்ட், பேட்டரி வோல்ட்டேஜை மட்டும் பார்ப்பது பெரிய குறை. மிக்ஸி போட்டாலே வோல்ட்டேஜ் சரிந்து ஜெனரேட்டர் உறுமும். 46 வோல்ட்டுக்குக் கீழே 5 நிமிடம் நின்றால்தான் கிளம்பும்படி வையுங்கள். விடியற்காலையில் ஓட்டி, பேட்டரி சார்ஜ் 80 சதவீதத்தைத் தாண்டும் முன் நிறுத்திவிட்டால் மீதியை சோலார் பார்த்துக்கொள்ளும். அதற்குமேல் பேட்டரி கொஞ்சமாகத்தான் இழுக்கும், பெட்ரோல் வீண்.