சொல்லாமல் போட்ட ஸ்பேசர், சொல்லிப் போட்ட அலோய் வீல்: ஹட்டன் பக்கம் எனக்குக் கிடைத்த இரண்டு இன்சூரன்ஸ் அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இரண்டு கம்பெனியின் பெயரையும் எழுதப் போவதில்லை. ஒன்று என்னை அலைய வைத்தது, இன்னொன்று பரவாயில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் எது எது என்று ஊகித்துக்கொள்வார்கள், அது என் பொறுப்பில்லை. எழுதுவதற்குக் காரணம், வாரத்துக்கு ஒருவராவது "அலோய் வீல் போட்டேன், இன்சூரன்ஸுக்குச் சொல்லணுமா" என்று என்னிடம் கேட்பதுதான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

வண்டி 2017 வேகன் ஆர். 2019இல் வாங்கினேன், அப்போது 32 லட்சம். வீடு கொட்டகலைக்கு உள்ளே, தோட்டத்து ரோடு இரண்டு கிலோமீற்றர். மழைக்காலத்தில் அந்த ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுவில் கல் துருத்திக்கொண்டு நிற்கும், இரண்டு பக்கமும் லொறி டயர் போன பள்ளம். முதல் மாதமே அடியில் இருந்த பிளாஸ்டிக் கவர் பிய்ந்து போனது. அதனால் நான்கு பக்கமும் ஸ்பேசர், அதாவது சஸ்பென்ஷனில் வைத்து உயரம் கூட்டுகிற துண்டு, போட்டு வண்டியைக் கொஞ்சம் தூக்கினேன். கம்பெனி டயர் 155/65 ஆர்14, அதைக் கழற்றிவிட்டு அலோய் வீலும் 165/65 டயரும். விட்டத்தில் 13 மில்லிமீற்றர்தான் வித்தியாசம், ஆனால் அதற்கே ஸ்பீடோமீற்றர் 60 காட்டும்போது வண்டி 61க்கு மேல் போகும். பெரிய விஷயமில்லை என்று நானும் நினைத்தேன், கராஜ் பாஸும் அப்படித்தான் சொன்னார். கடைசியாக மஞ்சள் ஃபோக் லைட் ஒரு சோடி. பனி இறங்கினால் ஹெட்லைட்டின் வெள்ளை வெளிச்சம் சுவர் மாதிரி திரும்பி நம் கண்ணுக்கே வரும், தாழ்வாகப் பூட்டிய ஃபோக் லைட் இருந்தால் ரோட்டின் ஓரமாவது தெரியும். லிந்துலை, நானுஓயா பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு அது அலங்காரமில்லை, கண்ணாடி போடுகிற மாதிரி.

இவ்வளவையும் செய்துவிட்டு, எங்களுக்கு மாமா முறையான ஏஜென்டிடம் கேட்டேன். "மாமா, இதெல்லாம் கம்பெனிக்குச் சொல்லணுமா?" அவர் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் இருக்கிறது: "அதச் சொல்லப் போனா பிரீமியம் கூட்டிருவாங்க தம்பி, விடுங்க, நான் இருக்கேன்ல." சரி என்று விட்டேன். குற்றத்தில் பாதி என்னுடையது, மறுக்கவில்லை.

2023 ஜூன். மழையும் பனியும் ஒன்றாக இறங்கிய பின்னேரம், தலவாக்கலையிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். டெவன் நீர்வீழ்ச்சிப் பக்கத்து வளைவில் எதிரே ஒரு லொறி நடு ரோட்டைப் பிடித்து வந்தது, இடது பக்கம் ஒதுக்கினேன், முன் சில்லு ரோட்டோரத் தண்ணீர்க் காணுக்குள் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை, கடவுள் புண்ணியம். பம்பர், ஹெட்லைட், ஒரு ஃபோக் லைட், ஒரு அலோய் வீல், உள்ளே சில்லைப் பிடித்திருக்கிற லோவர் ஆர்ம் எல்லாம் போச்சு.

விளம்பரத்தில் சம்பவ இடத்திலேயே காசு என்பார்கள் இல்லையா, கொழும்பில் அது நடக்கலாம். இங்கே நஷ்டத்தை மதிப்பிடுகிற கம்பெனி ஆள், அசெசர், வர இரண்டரை மணி நேரம். அதுவரை நனைந்துகொண்டே நின்றேன், சிக்னல் கிடைக்க ஐம்பது மீற்றர் மேலே ஏறிப்போய்ப் பேச வேண்டியிருந்தது. ஆனால் வந்த மனிதர் வேலை தெரிந்தவர். டோர்ச் அடித்து சில்லுக்குள் பார்த்தார், ஸ்பேசரைப் படம் எடுத்தார், டயர் அளவை எழுதிக்கொண்டார், ஃபோக் லைட் வயர் எங்கே போகிறது என்று பொனட்டைத் திறந்து பார்த்தார். பிறகு ஒரே கேள்வி: "இதெல்லாம் பொலிசியில இருக்கா அண்ணே?" நான் வாயைத் திறக்கவில்லை. ஏஜென்ட் மாமாவுக்கு எடுத்தேன், போன் ஓஃப்.

பைல் கொழும்புக்குப் போனது. மூன்று வாரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது: வண்டியின் சஸ்பென்ஷன் மாற்றப்பட்டிருக்கிறது, அறிவிக்கப்படவில்லை, இந்த மாற்றம் விபத்துக்குக் காரணமா என்று விளக்கம் தரவும். கராஜ் பாஸிடம் கடிதம் வாங்கி, ஸ்பேசர் உடையவில்லை, கழன்று போகவில்லை, சில்லு காணில் இறங்கிய பிறகுதான் லோவர் ஆர்ம் வளைந்தது என்று எழுதி அனுப்பினேன். இன்னும் இரண்டு வாரம். கடைசியில் வந்த கணக்கு இது. திருத்தச் செலவு 2,10,000 ரூபா. அலோய் வீலும் ஃபோக் லைட்டும் 46,000, அறிவிக்காத மேலதிகப் பொருள் என்று அப்படியே வெட்டு. மிச்சம் 1,64,000.

அதோடு முடியவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வண்டி விலை எப்படி ஏறியது என்று எல்லோருக்கும் தெரியும். நான் பொலிசியில் வண்டியின் மதிப்பு 48 லட்சம் என்று போட்டிருந்தேன், அவர்கள் சந்தை விலை 60 லட்சம் என்றார்கள். அதாவது வண்டியில் 80 சதவீதத்துக்குத்தான் இன்சூரன்ஸ், ஆகவே நஷ்டத்திலும் 80 சதவீதம்தான் தருவார்களாம். 1,31,200. அதில் பொலிசிப்படி நானே ஏற்க வேண்டிய பங்கு 10,000 கழித்து கைக்கு வந்தது 1,21,200. இந்த விலை விஷயமும் மொடிபிகேஷன் மாதிரியேதான், பொலிசியில் இருக்கிற வண்டியும் ரோட்டில் ஓடுகிற வண்டியும் வேறு வேறாக இருந்தால் இடைவெளியை நாம்தான் கட்ட வேண்டும்.

கோபத்தில் பழைய விண்ணப்பப் படிவத்தின் பிரதி கேட்டு வாங்கினேன். ஆங்கிலப் படிவம். உற்பத்தியாளர் கொடுத்த நிலையிலிருந்து வண்டியில் ஏதாவது மாற்றம் உண்டா என்று தெளிவாக ஒரு கேள்வி, பக்கத்தில் "இல்லை" என்று ஏஜென்ட் கையால் டிக், கீழே என் கையெழுத்து. படிக்காமல் போட்ட கையெழுத்து. அவர்கள் பக்க நியாயமும் அப்போதுதான் புரிந்தது. இன்சூரன்ஸ் ஒப்பந்தமே இரண்டு பேரும் தெரிந்ததை மறைக்காமல் சொல்வார்கள் என்ற நம்பிக்கையில் நிற்பது. அபாயத்தை மாற்றக்கூடிய ஒரு விஷயத்தை மறைத்தால் கிளைமையே மறுக்கலாம், என் விஷயத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. ஃபோக் லைட்டுக்கு ஏன் இவ்வளவு விசாரணை என்று நானும் எரிச்சல்பட்டேன்தான். ஆனால் 55 வோட் பல்ப் இரண்டு என்றால் ஒன்பது அம்பியர் கிட்ட இழுக்கும், ரிலேயும் பியூஸும் இல்லாமல் இருக்கிற வயரிலேயே சுற்றிக்கொடுத்தால் அது சூடாகி உருகும், பொனட்டுக்குள் தீ பிடிப்பது அப்படித்தான். எனக்குப் போட்ட பாஸ் ரிலே வைத்திருந்தார், அதனால் அந்தப் பக்கம் தப்பினேன். ஆனாலும் ஐந்து வாரம் ஒரு போன் கூட எடுக்காமல் மனிதனைக் காயப்போட்டதற்கு நியாயம் கிடையாது. ஏஜென்ட் மாமா இப்போதும் கலியாண வீடுகளில் சிரித்துப் பேசுகிறார், நானும் சிரிக்கிறேன்.

அடுத்த வருடம் கம்பெனியை மாற்றினேன். இந்த முறை ஏஜென்ட் இல்லை, நேரே கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த தங்கச்சி, பத்தனை பக்கத்துப் பிள்ளையாம், "அண்ணா, வண்டியில என்னென்ன மாத்தியிருக்கீங்க, எல்லாத்தையும் சொல்லுங்க" என்று அவளாகவே கேட்டாள். இந்த ஒரு கேள்விக்கே ஒரு ஸ்டார் கொடுக்கலாம். பில், படம், டயர் அளவு எல்லாம் கொடுத்தேன். பில் இல்லாத ஃபோக் லைட்டுக்கு கராஜில் போய் ஒரு ரசீது எழுதி வாங்கி வரச் சொன்னாள். மறுநாள் அவர்களின் அசெசர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

முடிவு இப்படி. அலோய் வீல், டயர், ஃபோக் லைட், பின் கெமரா, ஆன்ட்ரொய்ட் செட் எல்லாவற்றையும் சேர்த்து 1,40,000 ரூபா மதிப்பு என்று தனியாக எழுதினார்கள், வருடத்துக்குக் கூடின பிரீமியம் மூவாயிரத்துச் சொச்சம். மூவாயிரம்! இதற்குப் பயந்துதான் 46,000 விட்டேன். ஸ்பேசருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, கழற்று என்றும் சொல்லவில்லை. மாற்றம் இருப்பதைக் குறித்துக்கொள்கிறோம், அதனால்தான் விபத்து நடந்தது என்று அசெசர் சொன்னால் கொடுக்கமாட்டோம் என்று ஒரு வரி போட்டார்கள். யோசித்துப் பார்த்து முன் ஸ்பேசரைக் கழற்றிக் குறைந்த உயரத்தில் வேறு போட்டேன், அதையும் சொல்லி மாற்றி எழுதினேன். வண்டி மதிப்பையும் அன்றைய விலைக்கு ஏற்றினேன், அதற்குத்தான் பிரீமியம் உண்மையில் கூடியது.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு நாளில் வரும் என்ற பொலிசி ஒன்பதாம் நாள்தான் வந்தது, அதிலும் அலோய் வீலை ஸ்டீல் வீல் என்று அடித்திருந்தார்கள். படித்ததால் கண்டுபிடித்தேன், இல்லாவிட்டால் பழைய கதைதான். திருத்தி எடுக்க இன்னும் ஒரு தடவை ஹட்டனுக்குப் போக வேண்டியதாயிற்று. குறுஞ்செய்தி எல்லாம் சிங்களத்தில். ஹொட்லைனில் தமிழுக்கு ஒரு நம்பர் அழுத்தச் சொல்கிறார்கள், அழுத்தினால் எடுப்பவருக்குத் தமிழில் வணக்கம் மட்டும்தான் தெரியும். எனக்குச் சிங்களம் வரும், சமாளிப்பேன். என் அம்மா மாதிரி ஆட்கள் அந்த நம்பரை எடுத்து என்ன செய்வார்கள்?

2025இல் ஒரு சின்னச் சோதனை வந்தது. ஹட்டன் டவுனில் ஒரு த்ரீவீல் திரும்பும்போது என் முன் சில்லில் மோதி அலோய் வளைந்தது. வட்ஸ்அப்பில் படம் கேட்டார்கள், அனுப்பினேன், பொலிசியில் அந்த வீல் பெயரோடு இருந்ததால் ஒரு கேள்வியும் இல்லை, ஆறு நாளில் கணக்கில் காசு. அந்த ஆறு நாளும் ஸ்டெப்னியில் ஓடினேன், அது வேறு கதை.

என்னைவிடப் பெரிய வேலை செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய டொல்பின் வேனில் எஞ்சினையே மாற்றிவிட்டு, சிஆர் புத்தகத்தில், அதுதான் வாகனப் பதிவுப் புத்தகம், பழைய எஞ்சின் நம்பரோடு ஓடுகிற ஆட்கள் நம் பக்கம் நிறைய. எஞ்சினோ நிறமோ மாறினால் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், அது இல்லாமல் இன்சூரன்ஸுக்குச் சொல்லியும் பிரயோசனமில்லை, அவர்கள் சிஆர் புத்தகத்தைத்தான் பார்ப்பார்கள். லீசிங் வண்டியென்றால் புத்தகத்தில் முழு உரிமையாளர் அவர்கள்தான், அவர்களுக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். ஹயருக்கு ஓட்டுவதை மறைத்து பிரைவேட் என்று போடுவது இதைவிட ஆபத்து, சிவனொளிபாதமலை சீசனுக்கு நல்லதண்ணிக்கு ஆள் ஏற்றும் வேன்காரர்கள் கவனிக்கவும். வெறும் மூன்றாந்தரப்பு இன்சூரன்ஸ் வைத்திருக்கிற த்ரீவீல்காரர்களுக்கு சவுண்ட் பொக்ஸ் உடைந்தால் எப்படியும் காசு வராது, அது அடுத்தவனின் நஷ்டத்துக்கு மட்டும். 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா என்ற அரசாங்கத் திட்டத்தில் பஸ், த்ரீவீல்களின் மேலதிகச் சாமான்களைப் பொலிஸ் கழற்றச் சொன்னபோது நடந்த கூத்து ஞாபகம் இருக்கும். பொலிஸ் கழற்றச் சொல்வது வேறு, இன்சூரன்ஸுக்குச் சொல்வது வேறு, ஒன்று சரியென்றால் மற்றதும் சரி என்று நினைக்க வேண்டாம்.

கம்பெனி அநியாயமாக வெட்டினால் சும்மா இருக்கவும் வேண்டாம். முதலில் அவர்களிடமே எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், சரிவராவிட்டால் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கிற இன்சூரன்ஸ் ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், கொழும்பில் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இருக்கிறது. நான் போகவில்லை. "இல்லை" என்ற டிக்குக்குக் கீழே என் கையெழுத்தை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு போவது?

பழைய கம்பெனிக்கு ஐந்துக்கு ஒன்றரை, அந்த அரையும் டோர்ச் அடித்த அசெசருக்கு. புதியதுக்கு மூன்றரை. ஹொட்லைனில் தமிழ் பேசுகிற ஆளை வைத்தால் நாலாக்குவேன். போன வாரம் கூரைக்கு ஒரு ரேக் பூட்டினேன், வயது போன அப்பாவின் சக்கர நாற்காலி உள்ளே மடங்கவில்லை. பூட்டிய கையோடு படமும் பில்லும் அந்தத் தங்கச்சிக்கு வட்ஸ்அப் பண்ணினேன். நீல டிக் விழுந்துவிட்டது, பதில்தான் இன்னும் வரவில்லை.