பழைய வேலைகளைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்

ஆத்தங்குடியில் எங்களுக்குக் கல் பட்டறை. வெளியூர்க்காரர்கள் டைல்ஸ் என்பார்கள், எங்களுக்கு அது கல்தான். அப்பா காலத்தில் காரைக்குடியைச் சுற்றி வீடு கட்டுபவர்கள் நேரில் வந்து, கல்லில் வரும் பூ டிசைனைப் பார்த்து, முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள். இப்போது பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஆர்க்கிடெக்ட்கள் முதலில் கேட்பது ‘வெப்சைட் லிங்க் அனுப்புங்க’ என்பதைத்தான்.

ஏற்கெனவே ஒரு தடவை சூடுபட்டவன் நான். சில வருஷம் முன்பு ஒரு கம்பெனியிடம் கொடுத்தேன். டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரியை, அவர்கள் பெயரிலேயே பதிந்து வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் வருஷம் புதுப்பிக்க மூன்று மடங்கு கேட்டார்கள். தர மாட்டேன் என்றேன். எங்கள் கடைப்பெயர் அவர்களோடு போனது, விசிட்டிங் கார்டு எல்லாம் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. ஆகவே இந்த முறை, வெப்சைட்டும் செய்து அனிமேஷனும் செய்யும் ஒரு ஃப்ரீலான்சர் தம்பியைத் தெரிந்தவர் சொன்னபோது, உடனே சரி என்று சொல்லவில்லை. ‘இதுவரை செய்த வேலையெல்லாம் அனுப்பு, பார்க்கிறேன்’ என்றேன். இதை எழுதுவதும் பெரும்பாலும் அந்தப் பழைய வேலைகளைப் பற்றித்தான், ஏனென்றால் எங்களுக்கு அவர் செய்த வேலையில் நல்லதும் கெட்டதும் அங்கேயே தெரிந்துவிட்டன.

பட்டியலில் 14 வேலைகள். எல்லாருடைய போர்ட்ஃபோலியோவும் போல அழகான ஸ்கிரீன்ஷாட்கள். படத்தில் எல்லா வெப்சைட்டும் அழகுதான், கல்யாண ஆல்பத்தில் எல்லா மாப்பிள்ளையும் அழகாக இருப்பது போல. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் என் ஃபோனில் திறந்தேன். ஒன்பது நன்றாகத் திறந்தன. இரண்டு முழுக்க வேறு டிசைனுக்கு மாறியிருந்தன. ஒரு துணிக்கடையின் முகவரியை அழுத்தினால் ரம்மி விளையாடக் கூப்பிடும் பக்கம் வந்தது. மீதி இரண்டும் அவர் ஆரம்ப காலத்தில் ஃப்ளாஷ் என்ற பழைய மென்பொருளில் செய்த அனிமேஷன்கள்.

தம்பியிடம் ரம்மியைப் பற்றி முதலில் கேட்டேன். கடைக்காரர் டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார், யாரோ அதை வாங்கிவிட்டார்கள் என்றார். அவர் தவறில்லைதான். ஆனால் தன் பட்டியலில் அந்த லிங்க் எங்கே போகிறது என்று நாலு மாசத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா? ‘பார்க்கலண்ணே’ என்று ஒப்புக்கொண்டு அன்றைக்கே எடுத்துவிட்டார். மழுப்பாமல் சொன்னது பிடித்திருந்தது. பார்க்காமல் விட்டது பிடிக்கவில்லை.

ஃப்ளாஷ் வேலைகள் இரண்டும் எப்படி இன்னும் ஓடுகின்றன என்பது எனக்கு ஆச்சரியம். 2020 கடைசியோடு அடோபி நிறுவனம் ஃப்ளாஷை நிறுத்தியது, அடுத்த ஜனவரி 12 முதல் அதை ஓட்டும் பிளேயரே ஓடாமல் தடுத்தும் விட்டது. அந்தக் காலத்து அனிமேட்டர்கள் பலருக்குப் பத்து வருஷ உழைப்பு ஒரே நாளில் வெற்றுப் பெட்டியாகிப் போனது. இவர் பழைய கோப்புகளைத் தூக்கிப் போடவில்லை. ரஃபிள் என்று ஒரு இலவச மென்பொருள் ஃப்ளாஷ் கோப்புகளைப் பிரவுசருக்குள்ளேயே ஓட்டிக் காட்டுமாம், அதை வைத்து உயிர் கொடுத்திருக்கிறார்.

ஒன்று பள்ளிக்கூடத்துக்கு வாய்ப்பாடு சொல்லித்தரும் விளையாட்டு, பரவாயில்லை ரகம். மற்றது ஒரு கல்யாண அழைப்பிதழ். வாசலில் வாழை மரம், பந்தல், இரண்டு பேர் மேளம். நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்பி இறங்குகிறது. தவில்காரரைக் கவனித்தேன்: வலது கை விரல்களில் கூடு, இடது கையில் குச்சி. பத்திரிகை அட்டைகளில் இரண்டு கையிலும் குச்சி கொடுத்து வரைந்ததைப் பார்த்திருக்கிறேன், இரண்டு கையும் வெறும் விரலாக வரைந்ததையும் பார்த்திருக்கிறேன். இந்தத் தம்பி எங்கோ ஒரு மேளக் கச்சேரிக்கு எதிரில் நின்று பார்த்திருக்கிறார். வேலையை இவரிடம் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது அந்த இடத்தில்தான். அதற்கப்புறம் செய்ததெல்லாம் சரிபார்ப்பு.

சரிபார்ப்பு என்றால் ஃபோன்தான். உயிரோடு இருக்கும் வெப்சைட்டில் கடைக்காரர் நம்பர் இருக்குமே, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆறு பேரைக் கூப்பிட்டேன், நாலு பேர் பேசினார்கள்.

கோயம்புத்தூரில் ஒரு பம்பு தயாரிப்பாளர் சொன்னதுதான் மிகவும் உபயோகமானது. அவர்கள் வெப்சைட்டில் ஒரு சென்ட்ரிஃபியூகல் பம்பை நெடுக்காக வெட்டிக் காட்டும் அனிமேஷன் இருக்கிறது. நடுக்கண்ணில் தண்ணீர் நுழைகிறது, இம்பெல்லர் என்ற இதழ் வைத்த சக்கரம் சுற்றி அதை ஓரத்துக்கு எறிகிறது, வெளியே குழாயில் ஏறுகிறது. பார்க்கப் பிரமாதம். ஆனால் முதலில் வந்த படத்தில் இம்பெல்லர் எதிர்ப்பக்கம் சுற்றியதாம். அந்த மாதிரி பம்பில் இதழ்கள் சுற்றும் திசைக்குப் பின்பக்கமாக வளைந்திருக்க வேண்டும். படத்தில் அவை தண்ணீரை அள்ளிக்கொண்டு போவது போல முன்பக்கம் பாய்ந்தன. அவர்களுடைய ஃபிட்டர் ஒருவர் பார்த்த நிமிஷத்தில் சொல்லிவிட்டார். ‘தம்பி நேரில் வந்தாருங்க, ஒரு பம்பைக் கழட்டிக் காட்டினோம், காசு சேர்த்துக் கேக்காம முழுசா மாத்திக் குடுத்தாரு. என்ன, ஒரு மாசம் லேட்’ என்றார்.

முதல் தடவை தப்பு வரும், சொன்னால் திருத்துவார், நாள் இழுக்கும். இதை மனசில் குறித்துக்கொண்டேன்.

டிசைன் மாறிப்போன இரண்டு பேரில் ஒருவர், ‘நல்லாத்தான் செஞ்சாரு, இப்ப என் அக்கா மகனே பாத்துக்கிறான்’ என்றார். டொமைன் யார் பெயரில் என்று கேட்டேன். ‘எங்க பேர்லதான். பாஸ்வேர்டெல்லாம் நோட்டுல எழுதிக் குடுத்துட்டுப் போனாரே!’ எனக்குப் போதும். விட்டுப்போன வாடிக்கையாளர் கையில் சாவி இருக்கிறதா என்பதுதான் நான் கேட்க வேண்டிய கேள்வியாக இருந்தது.

இன்னொரு வேலையில் ஒரு சின்ன விஷயம். ஒரு பாத்திரக் கடையின் பழைய வெப்சைட்டில் தமிழ் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும், கூகுளில் தேடினாலும் சிக்காது. இவர் முழுவதையும் எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றியிருந்தார், ஆனால் இரண்டு பக்கத்தில் கொம்புகள் இடம் மாறிக் கிடந்தன. இதையும் சொன்னேன். ‘என்னண்ணே, வேலை குடுக்கறதுக்கு முன்னாடியே வேலை வாங்குறீங்க’ என்று சிரித்தார்.

இனி எங்கள் வேலை. பேசியது 62,000 ரூபாய்: வெப்சைட்டுக்கு 38,000, கல் செய்வதைக் காட்டும் ஒரு சின்ன அனிமேஷனுக்கு 18,000, அறையின் அளவைப் போட்டால் எத்தனை கல் வேண்டும் என்று சொல்லும் கணக்குப் பகுதிக்கு 6,000. டொமைன், வெப்சைட்டை வைத்திருக்கும் ஹோஸ்டிங் இரண்டும் என் பெயரில், என் கார்டில். ஆறு வாரம் என்றார், பதினொரு வாரம் ஆனது. பம்புக்காரர் சொன்னதைக் கேட்டிருந்ததால் நான் வீட்டில் மூன்று மாசம் என்றே சொல்லி வைத்திருந்தேன்.

அனிமேஷன் எதற்கு என்று கேட்கலாம். எங்கள் கல் சூளையில் வேகாதது. கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கரைத்த சாயச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவோம். அச்சை எடுத்ததும் மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டுவோம். அப்புறம் காய வைத்து, தண்ணீரில் ஊறப் போடுவது. கண்ணாடியில் ஒட்டியிருந்த பக்கம்தான் முகம், பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. இதை வாயால் சொன்னால் வாங்குபவர்களுக்குப் புரிவதில்லை, ‘எத்தனை டிகிரியில சுடுவீங்க?’ என்று மறுபடி கேட்பார்கள்.

தம்பி இரண்டு நாள் பட்டறையில் உட்கார்ந்து வீடியோ எடுத்தார், ஓவியமும் போட்டார். மூன்று வாரம் கழித்து வந்த முதல் படத்தில், கல்லின் அடிப்பாகம் முதலில் வந்து, பூ கடைசியாக மேலே ஊற்றப்பட்டது. கேக்குக்கு க்ரீம் வைப்பது போல. எங்களிடம் முப்பது வருஷமாக ஊற்றும் பெரியவர் ஃபோனை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘ஏப்பா, கல்லை நிமிர்த்துல்ல ஊத்துற? நாங்க கவுத்து ஊத்துறோம்’ என்றார். இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்! கேட்டால், மேலே பூ வந்து முடிந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று தெரிந்தே மாற்றினாராம். எனக்குக் கோபம்தான். அதைத்தானே உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்று 18,000 கொடுத்தேன்.

திருத்தி வந்தது அருமை. இப்போது படம் கண்ணாடிக்கு அடியிலிருந்து பார்ப்பது போலத் தொடங்குகிறது. சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று ஒவ்வொரு சாயமும் கண்ணாடியில் விழுந்து பரவுவது கீழேயிருந்து தெரிகிறது. அச்சு தூக்கப்படும்போது சாயங்களுக்கு நடுவே இருந்த மெல்லிய இடைவெளி மூடிக்கொள்கிறது. அதைச் சரியாகப் பிடித்திருக்கிறார். கடைசியில் கல் புரண்டு முகம் மேலே வருகிறது. 18 வினாடி. பெரியவர் மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பது பெரிய விஷயம்.

முதலில் இதை வீடியோவாகப் போட்டார், 14 எம்பி. காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று திறந்தேன், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு லாட்டி என்ற முறைக்கு மாற்றினார். அதை ஏர்பிஎன்பி நிறுவனம் 2017இல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. படமாக அனுப்பாமல், எந்தக் கோடு எங்கிருந்து எங்கே நகர வேண்டும் என்ற குறிப்பை மட்டும் அனுப்பும், ஃபோன் அதைப் படித்துத் தானே வரைந்துகொள்ளும். 400 கேபிக்குள் அடங்கிவிட்டது. நாதஸ்வரத்தோடு திறக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். ‘தானா சத்தம் போட்டா பிரவுசரே விடாதுண்ணே’ என்றார். குரோம் 2018லேயே அதை நிறுத்திவிட்டதாம். சரி, நல்லதுதான்.

வெப்சைட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் தரை மாதிரி காட்டும் பக்கம். மற்ற கடைகளில் ஒரே கல்லின் படத்தை நூறு தடவை ஒட்டியிருப்பார்கள், மெஷின் டைல் போல இருக்கும். கையால் ஊற்றிய கல் ஒன்று போல் ஒன்று இராது. தம்பி ஒவ்வொரு டிசைனிலும் 16 கல்லை நிழலில் வைத்துப் படம் எடுத்து, அவை கலந்து கலந்து வருமாறு செய்தார். திறக்கும் ஒவ்வொரு தடவையும் தரை கொஞ்சம் மாறும். நான் கேட்கவே இல்லை, அவராக யோசித்தது.

கணக்குப் பகுதியில்தான் கையைக் கடித்தது. பத்துக்குப் பத்து அங்குலக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 144 வேண்டும், உடைசலுக்குக் கொஞ்சம் சேர்த்து. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்றால் 100. வாடிக்கையாளர் அளவை மாற்றினாலும் இவர் எழுதியது பன்னிரண்டிலேயே நின்றது. சென்னையில் ஒருவர் 200 சதுர அடிக்குப் பத்து அங்குலக் கல் கேட்டார். வெப்சைட் 200 என்றது, நாங்களும் நம்பி 200 அனுப்பினோம். வேண்டியது 288. கொத்தனார் பாதி அறையில் நின்றுகொண்டு ஃபோன் செய்கிறார். 88 கல்லை மறுபடி ஊற்றினால் சாயம் அச்சு அசலாகப் பொருந்தாது, தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மாறியதைக் கட்டிலுக்கு அடியில் வரும்படி போட்டுச் சமாளித்தார்கள். இதில் என் தப்பும் உண்டு, நாற்பது வருஷத் தொழில்காரன் ஒரு தடவை மனக்கணக்குப் போட்டிருக்கலாம். தம்பி அன்றிரவே சரிசெய்தார், இரண்டாவது லாரி வாடகையில் பாதியை அவராகவே ஜிபே செய்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

வெப்சைட் போட்டு எட்டு மாசம் ஆகிறது. ஏப்ரலில் ஒரு புதுப் பூவை நானே ஏற்றினேன், யாரையும் கூப்பிடவில்லை. வருஷப் பராமரிப்புக்கு 6,000 கேட்கிறார், இன்னும் சரி சொல்லவில்லை.

எங்கள் வேலையையும் தன் பட்டியலில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். போட்டுக்கொள் என்றேன். அதிலிருந்து மூன்று பேர் எனக்கு ஃபோன் செய்துவிட்டார்கள், நான் செய்தது போலவே. மூன்று பேரிடமும் 88 கல் கதையைச் சொன்னேன், லாரி வாடகையையும் சொன்னேன். கடைசியாகப் பேசியவர் புதுக்கோட்டையில் பேக்கரி வைத்திருக்கும் ஒரு அம்மா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘கூப்பிட்டா எடுப்பாரா?’ என்றார். காலையில் பதினொரு மணிக்கு முன்னால் எடுக்க மாட்டார் என்றேன்.