வாட்டர் பெட் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

மாமனார் பக்கவாதத்தில் படுத்த பதினோராம் நாள், வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தோல் சிவந்திருந்தது. வீட்டுக்கு வரும் செவிலியர் அங்கே விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்தினால் வெளுத்து, விட்டதும் மறுபடி சிவக்க வேண்டுமாம். வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு வெளுத்தது. "உடனே ஒரு வாட்டர் பெட் வாங்குங்கள்" என்றார். தண்ணீர் நிரப்பி, நோயாளியை மேலே கிடத்தும் ரப்பர் விரிப்பு அது.

மருத்துவமனைக்கு எதிரே இருந்த சர்ஜிகல் கடையில் நுழைந்தேன். "அக்கா, இது அமெரிக்கக்காரன் கண்டுபிடித்தது. இதில் படுக்கவைத்துவிட்டால் ஆளைத் திருப்பிப் போடவே வேண்டாம். நீங்களும் நிம்மதியாகத் தூங்கலாம்" என்றார் கடைக்காரர். பத்து நாளாகக் கண் மூடாதவளிடம் தூக்கத்தைக் காட்டினால் வாங்காமல் என்ன செய்வாள்? 2,600 ரூபாய் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, வரி போட்டால் விலை ஏறும் என்று ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டேன், முட்டாள்.

வீட்டில் பிரித்தபோது மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இழுக்க இழுக்கப் பிளாஸ்திரி உரிவதுபோல் சர்ரென்று சத்தம். ரப்பர் ஒட்டாமலிருக்க உள்ளும் புறமும் பவுடர் தூவி மடிப்பார்கள் என்பதும், நாள்பட்ட ரப்பர் மடிப்பில்தான் முதலில் வெடிக்கும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. கட்டிலில் விரித்து, புனல் வைத்து எட்டு வாளித் தண்ணீர் ஊற்றினோம். அன்றிரவு, பேச்சு குழறும் மனிதர் ஒரே ஒரு சொல்லைத் தெளிவாகச் சொன்னார்: "குளிர்கிறது."

குளிராமல் என்ன செய்யும்? கடைக்காரர் சொன்ன அமெரிக்கர் சார்லஸ் ஹால். 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் மாணவராக இருந்தபோது சோளமாவு, ஜெல்லி என்று எதையெதையோ நிரப்பிப் பார்த்துவிட்டுக் கடைசியில் தண்ணீருக்கு வந்தவர்; 1971இல் காப்புரிமை பெற்றார். அது சொகுசாகத் தூங்குவதற்கான மெத்தை, தண்ணீரைச் சூடாக வைக்க ஹீட்டரும் உண்டு. நமக்கு விற்கும் ரப்பர் விரிப்பில் ஹீட்டர் ஏது? இதற்கு மூதாதை வேறு. ஸ்காட்லாந்து மருத்துவர் நீல் ஆர்னட் 1832இலேயே தண்ணீர்த் தொட்டியின் மேல் ரப்பர் பூசிய துணியைப் போர்த்தி, படுக்கைப் புண் வராமலிருக்க நோயாளியை அதன்மேல் கிடத்தினார். அதற்குக் காப்புரிமைகூட அவர் வாங்கவில்லை.

கடைக்காரர் பேச்சை நம்பி இரண்டு நாள் மாமனாரைத் திருப்பவில்லை. மூன்றாம் நாள் செவிலியர் அழுத்தினார். வெளுக்கவில்லை. "யார் சொன்னது திருப்ப வேண்டாமென்று? எந்தப் படுக்கையானாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பியாக வேண்டும்" என்று என்னைத் திட்டினார். அன்றிரவே மடிப்பில் வெடித்து, கட்டிலுக்கு அடியில் குளம் கட்டியது. பணம் போனதைவிட அந்த இரண்டு நாள்தான் எனக்கு ஆறவில்லை.

திருப்பிக் கொண்டுபோனால், "ஊசி குத்தியிருப்பீர்கள். தண்ணீர் ஊற்றியதை எடுக்க மாட்டோம்" என்றார். தண்ணீர் ஊற்றாமல் வாட்டர் பெட் ஒழுகுமா என்று எப்படிப் பார்ப்பது என்றேன். அடுத்து வந்தவரிடம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து உறையைப் பார்த்தேன். தயாரிப்பு மாதம் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால் அடியில் ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி.

நீங்கள் வாங்கினால் கடையிலேயே பிரிக்கச் சொல்லுங்கள். காற்றை ஊதி, மடிப்புகளை அழுத்தி, காதை வைத்துக் கேளுங்கள். தேதியைத் தடவிப் பாருங்கள். பில் இல்லாமல் நகராதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றுங்கள். விறைக்க நிரப்பினால் பலகைதான். குறைத்தால் இடுப்பு கட்டிலில் இடிக்கும். படுக்கவைத்த பிறகு இடுப்புக்கு நேரே விரிப்புக்கு அடியில் கையை விட்டால் எலும்பு தட்டக் கூடாது. நிரப்பியபின் நகர்த்தவும் முடியாது, எட்டு வாளி என்பது நூறு கிலோவுக்கு மேல்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். என் கையில் பில் இல்லை. துண்டுச் சீட்டும், ஸ்டிக்கர் பாதி உரிந்த அந்த உறையும்தான் இருக்கின்றன. மாமனாருக்குப் புண் மெல்ல ஆறுகிறது. இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்திருக்கிறோம்.