நேர்கோடு வளையும் இடம்: ரோலர் கோஸ்டர் வடிவமைப்பாளர்கள் ஓர் ஒப்பீடு

ரோலர் கோஸ்டர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் உயரத்தையும் வேகத்தையும் வைத்தே அவற்றை வரிசைப்படுத்துகிறார்கள். அந்த இரண்டு எண்களும் பூங்காவின் விளம்பரப் பலகைக்கு வசதியானவை; வடிவமைத்தவரின் கையெழுத்து அவற்றில் தெரிவதில்லை. பல கோஸ்டர்களில் ஏறிப் பழகியவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும், நேராக ஓடிக்கொண்டிருந்த பாதை வளையத் தொடங்கும் அந்தச் சில மீட்டர்களில் இது எந்த நிறுவனத்தின் வேலை என்பதை ஏறக்குறைய ஊகித்துவிடுவார். உடம்பை வளைவுக்குள் எப்படி அழைத்துப் போகிறார்கள் என்ற ஒரே அளவுகோலை வைத்துத்தான் இங்கே நிறுவனங்களை ஒப்பிடுகிறேன். என் கணிப்பில் மற்ற வேறுபாடுகள் எல்லாம் அதிலிருந்தே கிளைக்கின்றன.

ஒப்பீட்டுக்குள் போகுமுன் ஜான் மில்லரின் பெயரைச் சொல்லியாக வேண்டும். தண்டவாளத்தின் மேலே உருளும் சக்கரத்தோடு, அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு ஓடும் சக்கரத்தையும் சேர்க்கும் முறைக்கு அவர் 1919இல் காப்புரிமை பெற்றார். பெட்டி மேலெழும்ப முடியாது என்ற உறுதி கிடைத்த பிறகுதான் செங்குத்தான இறக்கங்களும், மேட்டின் உச்சியில் இருக்கையை விட்டு எழும்ப வைக்கும் கணங்களும் சாத்தியமாயின. இனி வரும் எல்லாப் போட்டியாளர்களும் அவர் போட்ட அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறார்கள்.

முதல் போட்டி, அமெரிக்காவின் ஆரோ நிறுவனத்துக்கும் ஜெர்மனியின் ஆன்டன் ஷ்வார்ட்ஸ்கோப் - வெர்னர் ஸ்டெங்கல் கூட்டணிக்கும் இடையிலானது. ஆரோ 1946இல் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் நான்கு பேர் சேர்ந்து தொடங்கிய சிறிய பட்டறை. 1959இல் டிஸ்னிலாந்தின் மேட்டர்ஹார்ன் கோஸ்டருக்காக அவர்கள் உருளை வடிவ எஃகுக் குழாயைத் தண்டவாளமாக வளைத்ததோடு, மரச்சட்டங்களால் கைகூடாத வடிவங்களுக்குக் கதவு திறந்தது. 1975இல் நாட்ஸ் பெர்ரி பார்ம் பூங்காவில் அவர்கள் கட்டிய 'கார்க்ஸ்க்ரூ', பயணிகளைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டிய முதல் நவீனக் கோஸ்டர். பிற்பாடு ஐடஹோவிலுள்ள சில்வர்வுட் பூங்காவுக்கு இடம் மாறிய அது, அங்கே மீண்டும் பயணிகளை ஏற்றிக்கொண்டது. ஆரோவின் தலைமைப் பொறியாளர் ரான் டூமர், கம்பியை வளைத்து மாதிரி செய்து பார்க்கும் பழக்கமுடையவர். பயணத்தில் குமட்டல் வரும் உடல்வாகு என்பதால், தாம் வடிவமைத்தவற்றில் அதிகம் ஏறாதவரும்கூட.

ஸ்டெங்கல் 1965இல் ம்யூனிக்கில் தொடங்கியது பட்டறை அல்ல, கணக்கிடும் அலுவலகம். ஷ்வார்ட்ஸ்கோப் எஃகை வளைத்தார். எந்த அளவுக்கு வளைக்க வேண்டும் என்பதை ஸ்டெங்கல் சொன்னார். இவர்கள் 1976இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவுக்குக் கொடுத்த 'ரெவல்யூஷன்', செங்குத்து வளையம் கொண்ட முதல் நவீனக் கோஸ்டர். வளையம் என்ற யோசனை அதற்கு வெகு முன்பே இருந்தது. கோனி ஐலண்டில் 1895இல் அமைந்த 'ஃப்ளிப் ஃப்ளாப்' வட்டமான வளையத்தோடுதான் ஓடியது; கழுத்துவலியால்தான் அது பேர்போனது. ஏன் என்பதை ஒரு சிறிய கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

வளையம் ஒரு முழு வட்டம் என்று வைத்துக்கொள்வோம். உச்சியில் பயணி இருக்கையை அழுத்தாமல் மிதக்கிற அளவுக்கு மட்டுமே வேகம் இருந்தாலும், அதே பெட்டி வட்டத்தின் அடியில் நுழையும்போது பயணியின் மேல் அவருடைய எடையைப் போல 6 மடங்கு அழுத்தம் விழும். வட்டம் சிறியதா பெரியதா என்பதால் அந்த எண் மாறுவதில்லை. இப்போது வளையத்தின் உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உச்சியின் ஆரத்தைப் பாதியாக்கி, அடியின் ஆரத்தை இருமடங்காக்கினால், அடியில் விழும் அழுத்தம் மூன்றேகால் மடங்காகக் குறைகிறது. கண்ணீர்த்துளியைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற அந்த வடிவத்துக்கு கிளாத்தாய்டு என்று பெயர். அழுத்தம் குறைந்தது பாதிக் கதைதான். நேர்ப்பாதையிலிருந்து வட்டத்துக்குள் நுழையும் பெட்டியில் ஒரு மடங்கு அழுத்தம் ஆறு மடங்காக உயர்வது ஒரே நொடிப்பொழுதில் நடந்துவிடுகிறது; தலையைத் தாங்கும் கழுத்துக்கு எச்சரிக்கையே கிடைப்பதில்லை. கிளாத்தாய்டில் வளைவு கொஞ்சங்கொஞ்சமாக இறுகுவதால் அழுத்தமும் படிப்படியாக ஏறுகிறது, உடம்பு தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது.

இந்த வேறுபாட்டுக்கு என்னால் காட்ட முடிந்த மிக நல்ல சாட்சி, பயணியைப் பிடித்து வைக்கும் பட்டைகள்தான். ஆரோவின் தலைகீழ்க் கோஸ்டர்களில் தோள்களின் மேலாக இறங்கும் கனமான பட்டை கட்டாயமாக இருந்தது; ஒரு வளைவு முடிந்து இன்னொன்று தொடங்கும் இடங்களில் பாதை சட்டென்று திரும்பியதால், அந்தப் பட்டையிலேயே காதும் கன்னமும் இடிபட்டன. 'ரெவல்யூஷன்' திறக்கப்பட்டபோது அதில் மடியின் மேல் இறங்கும் தண்டு மட்டுமே இருந்தது. வளையத்தின் உச்சியில் தலைகீழாக இருக்கும்போதும் பாதையே பயணியை இருக்கையோடு அழுத்தி வைத்துக்கொள்ளும் என்ற கணக்கின் மேல் வைத்த நம்பிக்கை அது. இடையில் பல ஆண்டுகள் அதற்கும் தோள்பட்டை மாட்டப்பட்டிருந்தது. 2016இல் புதுப்பித்தபோது மறுபடியும் மடித்தண்டுக்கே திரும்பினார்கள். ஐந்து வளையங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் பிரித்துப் பூட்டப்படும் ஷ்வார்ட்ஸ்கோப்பின் 'ஒலிம்பியா லூப்பிங்' 1989 முதல் மடித்தண்டோடுதான் ஓடுகிறது.

இதனால் ஆரோவைத் தாழ்த்திவிடுவது அநியாயம். முதலில் துணிந்தவர்கள் பெரும்பாலும் அவர்களே, விலை கொடுத்துக் கற்றவர்களும் அவர்களே. 1981இல் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் தொங்கும் பெட்டிகளோடு அவர்கள் கட்டிய 'தி பேட்', வளைவுகளில் தண்டவாளத்தைச் சாய்க்காமல் விட்டதால் ஓயாத பழுதுக்கு ஆளாகிச் சில பருவங்களிலேயே நின்றுபோனது. 1984இல் வந்த 'பிக் பேட் வுல்ஃப்' கோஸ்டரில் வளைவுகளைச் சாய்த்தார்கள், அது நெடுங்காலம் ஓடியது. 1989இல் சீடர் பாயிண்ட் பூங்காவில் எழுந்த 'மேக்னம்', முழுச் சுற்றுப் பாதை கொண்ட கோஸ்டர்களில் 200 அடியை முதன்முதலாகத் தாண்டியது. அதன் மேடுகள் கூரை முகடுபோலக் கூராக இருப்பதால், உச்சியில் உடம்பு இருக்கையிலிருந்து தூக்கி எறியப்படுகிறது. கணக்கின்படி அது குறை. ஏறியவர்கள் பலருக்கு அதுவே பிடித்த இடம். எனக்கும் அந்த முரட்டுத்தனத்தின் மேல் மரியாதை உண்டு, ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஸ்டெங்கலின் பக்கமே நிற்பேன். பிறகு வந்த எல்லோரும் கற்றுக்கொண்டது அவரிடமிருந்துதான்.

இரண்டாவது போட்டியே அதற்கு ஆதாரம். போலிகர் - மாபியார் நிறுவனமும் இன்டமினும் சுவிட்சர்லாந்தில் பிறந்தவை, இரண்டுக்குமே ஸ்டெங்கலின் அலுவலகம் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. வால்டர் போலிகரும் க்ளோட் மாபியாரும் முன்பு ஜியோவனோலா என்ற தொழிற்சாலையில் பணியாற்றினார்கள். இன்டமினின் கோஸ்டர்களுக்குப் பாகங்கள் செய்துகொடுத்த தொழிற்சாலை அது. 1988இல் வெளியேறி மோன்தே நகரில் தனியாகத் தொடங்கினார்கள். ஒரே கிணற்றில் தண்ணீர் குடித்த இரண்டு வீடுகள் எதிரெதிரான குணங்களோடு வளர்ந்தது எப்படி என்பதுதான் இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி.

போலிகர் - மாபியாரின் பாதையைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். இரண்டு குழாய்த் தண்டவாளங்களையும் அகலமான பெட்டி வடிவ முதுகெலும்பு ஒன்று தாங்குகிறது; உள்ளே பொள்ளலான அந்த எஃகுப் பெட்டி இரயில் கடக்கும்போது உறுமுகிறது, அருகில் குடியிருப்புகள் இருந்தால் அதற்குள் மணல் நிரப்பிச் சத்தத்தை அடக்குகிறார்கள். 1992இல் 'சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அமெரிக்கா'வில் அவர்கள் திறந்த 'பேட்மேன்', பாதையின் கீழே கால்கள் தொங்க உட்காரும் தலைகீழ்க் கோஸ்டர்களின் முன்னோடி. அதில் எடையற்ற உருளல் என்ற பகுதி வரும்போது கவனித்துப் பாருங்கள்: முறுக்கு தண்டவாளத்தை அச்சாகக் கொண்டு நடப்பதில்லை, பயணியின் நெஞ்சை அச்சாகக் கொண்டு நடக்கிறது. தண்டவாளம் நெஞ்சைச் சுற்றி வளைந்து போவதால் உடம்பு கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நகர்கிறது, தலை பக்கவாட்டில் வீசி எறியப்படுவதில்லை. நிரூபித்துப் பார்க்காத எதையும் விற்பதில்லை என்ற பிடிவாதம் இவர்களுடையது. அதன் பலன் நம்பகம். அதன் விலை, பிற்காலத்தில் வந்த சில உயரமான கோஸ்டர்கள் மென்மையைத் தாண்டி மந்தமாகிவிட்டது.

இன்டமினோ ஒவ்வொரு சாதனையையும் அடுத்ததற்கான படிக்கட்டாகவே பார்த்தது. 2000இல் சீடர் பாயிண்டில் 'மில்லேனியம் ஃபோர்ஸ்' 94 மீட்டர் எழுந்தபோது, அந்த உயரத்துக்குச் சங்கிலி பாரம் என்று எஃகு வடத்தால் இரயிலை இழுத்தார்கள். 2003இல் 'டாப் த்ரில் ட்ராக்ஸ்டர்' 128 மீட்டர், 2005இல் 'கிங்டா கா' 139 மீட்டர். பின்னிரண்டிலும் இரயிலை ஏவியது ஹைட்ராலிக் பொறி: அழுத்தி வைத்த நைட்ரஜன் வாயு எண்ணெயைத் தள்ள, எண்ணெய் மோட்டார்களைச் சுழற்ற, மோட்டார்கள் ஒரு பெரிய உருளையில் வடத்தைச் சுற்ற, வடத்தின் முனையிலுள்ள பிடி இரயிலை இழுத்து, 'கிங்டா கா'வில் மூன்றரை நொடியில் மணிக்கு 206 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோனது. எதிர்க்காற்றோ ஈரமோ கொஞ்சம் கூடினால் இரயில் உச்சியைத் தாண்டாமல் பின்னோக்கி உருண்டுவரும். அதற்காகவே ஏவுபாதையில் காந்தத் தடுப்புத் தகடுகள் மேலெழும்பிக் காத்திருக்கும். நொடிக்கணக்கில் இவ்வளவு ஆற்றலை வாங்கிக் கொட்டும் இயந்திரம் அடிக்கடி ஓய்வு கேட்பதில் வியப்பில்லை. 'கிங்டா கா' 2024இல் நிரந்தரமாக மூடப்பட்டு, 2025 பிப்ரவரியில் தகர்க்கப்பட்டது. இன்டமினும் இன்று காந்த ஏவுதலின் பக்கம் திரும்பிவிட்டது.

பூங்காவை நடத்துகிறவராக இருந்தால் போலிகர் - மாபியாரைத்தான் அழைப்பேன், ஏனெனில் வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு 'இன்று ஓடாது' என்ற பலகையைக் காட்டுவதைவிடக் கொடுமை அந்தத் தொழிலில் இல்லை. பொறியாளராகப் பார்க்கும்போது, தவறிவிழும் அபாயத்தை ஏற்றுக்கொண்டு எல்லையை நகர்த்திய இன்டமினுக்கே கடன்பட்டிருக்கிறோம் என்று படுகிறது. ஜெர்மனியின் மாக், நெதர்லாந்தின் வெகோமா இரண்டும் இந்த இருவருக்கும் நடுவில் நிற்பவை. 1780இல் வண்டி செய்யும் குடும்பமாகத் தொடங்கிய மாக்குக்கு, யூரோப்பா பார்க் என்ற சொந்தப் பூங்காவில் தன் பெட்டிகளைத் தானே ஓட்டிப் பார்க்கும் வாய்ப்புள்ளது என்பது அதன் தனிப் பலம்.

மூன்றாவதாக ஐடஹோவின் ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்ஷன். இவர்கள் தளர்ந்துபோன பழைய மரக் கோஸ்டர்களின் சட்டகத்தை வைத்துக்கொண்டு, அடுக்கு மரத் தண்டவாளத்துக்குப் பதிலாக எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்த தண்டவாளத்தைப் பூட்டுகிறார்கள். 2011இல் 'நியூ டெக்சாஸ் ஜயன்ட்' இப்படித்தான் பிறந்தது. இதன் வடிவமைப்பாளர் ஆலன் ஷில்கி ஆரோவில் பணியாற்றியவர். 1999இல் டாலிவுட் பூங்காவுக்காக அவர் வரைந்த 'டென்னசி டொர்னாடோ'வில், ஆரோவின் பெயர் தாங்கிய கோஸ்டர் ஒன்று கடைசியில் வளைவுக்குள் இடிக்காமல் நுழைந்தது. ஆனால் அந்த நிறுவனத்துக்குக் காலம் கடந்துவிட்டிருந்தது. 2001 இறுதியில் ஆரோ திவாலானது.

ஷில்கி அந்த வித்தையோடு மரச்சட்டங்களுக்கு வந்து சேர்ந்தார். சீடர் பாயிண்டில் 1991இல் கட்டப்பட்டு, குலுக்கலுக்காகவே திட்டு வாங்கிய 'மீன் ஸ்ட்ரீக்' 2018இல் 'ஸ்டீல் வெஞ்சன்ஸ்' ஆகத் திரும்பி வந்தது: 62 மீட்டர் உயரம், நான்கு தலைகீழ்ச் சுழற்சிகள், இருக்கையை விட்டு எழும்பியே இருக்கும் 27 நொடிகள். மேக்னமின் முரட்டுத்தனம் அதன் மேடுகளில் இருக்கிறது, ஸ்டெங்கலின் பொறுமை மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவில் இருக்கிறது. பயணியைப் பிடித்திருப்பது மடித்தண்டுதான், தோளின் மேல் பட்டை இல்லை.