சொந்த இதய உறையா, தானமாக வந்த வால்வா?

வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டுப்போனவர்களைக் கொழும்பின் இருதய கிளினிக்குகளில் இன்றும் காணலாம். பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் அவர்களில் இருக்கிறார்கள். கெட்ட வால்வுக்குப் பதிலாக வைக்கும் உலோக வால்வு நீண்ட காலம் உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை குடிக்க வேண்டும், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கர்ப்பமானால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அதற்குப் பதிலாக மனித இழையத்தைப் பதப்படுத்தி வால்வாக வைக்கும் வழிகளை இந்தக் குடும்பங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதல் வழிக்கு நோயாளியின் சொந்த இதய உறையே, அதாவது இதயத்தைச் சுற்றியுள்ள மெல்லிய பையே போதும். நெஞ்சைத் திறந்ததும் உறையில் ஒரு துண்டை வெட்டி, கொழுப்பை நீக்கி, இழையத்தைப் பதப்படுத்தும் இரசாயனமான குளூட்டரால்டிஹைட்டின் 0.6 சதவீதக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். டோக்கியோவில் சத்திரசிகிச்சை நிபுணர் ஒசாகி 2007இல் தொடங்கிய முறையில் ஊறவைப்பது 10 நிமிடம்தான். அப்புறம் உப்புநீரில் 6 நிமிடம் வீதம் மூன்று தடவை அலசி, அளவெடுத்து, வால்வில் திறந்து மூடும் மடல்களான மூன்று இதழ்களாக வெட்டித் தைக்கிறார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் நடப்பது பெரிய வேலை. இழையத்துக்கு வலுத் தரும் கொலாஜன் என்ற புரத இழைகளில் உள்ள லைசின் முனைகளை இந்த இரசாயனம் ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது. பதப்படுத்தாத உறை நாளடைவில் சுருங்கலாம், தடிக்கலாம், இழுபட்டுப் புடைக்கலாம். கட்டப்பட்ட உறை கொடுத்த வடிவத்தில் நிற்கும். தானம் செய்பவர் தேவையில்லை, செலவு குறைவு, வார்ஃபரினும் ஆயுள் முழுக்க வேண்டியதில்லை.

ஆனால் உறுதி தரும் அதே மருந்துதான் பின்னாளில் கெடுதலும் செய்கிறது. அது கலங்களைக் கொன்றுவிடுவதால் இழையம் வளராது. எஞ்சும் குளூட்டரால்டிஹைட்டும் இறந்த கலங்களின் மிச்சமும் கல்சியத்தை இழுத்துப் படியவைக்கின்றன. பிள்ளைகளின் உடலில் இந்தப் படிவு இன்னும் வேகமாக ஏறும். முன்பே இதய சத்திரசிகிச்சை செய்தவர்களிடம் எடுக்கத்தக்க உறை மிஞ்சாமலும் போகலாம்.

இரண்டாவது, இறந்தவரின் வால்வு. 1962இல் லண்டனில் டொனால்ட் ராஸ், நியூசிலாந்தின் ஒக்லாந்தில் பாரட்-பொய்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர்கள் இதைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் கிருமியை நீக்கக் கடும் இரசாயனங்களையும் கதிர்வீச்சையும் பயன்படுத்தியதில் இதழ்கள் வலுவிழந்து சீக்கிரம் கிழிந்தன. இப்போது அன்டிபயோட்டிக் கரைசலில் வைத்து, உறைபனி கலங்களைக் குத்தாதிருக்க டி.எம்.எஸ்.ஓ. என்ற இரசாயனம் சேர்த்து, நிமிடத்துக்கு ஒரு பாகை அளவில் மெல்லக் குளிரவைத்து, திரவ நைதரசன் ஆவியில் பாதுகாக்கிறார்கள். வால்வைச் சுற்றிச் சீழ் பிடித்த நோயாளிக்கும், இதயத்திலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் போகும் பாதை இல்லாமல் பிறந்த குழந்தைக்கும் இது பெரிய வரம். இருந்தாலும் தானம் கொடுத்தவரின் கலங்களை உடல் அந்நியமாகப் பார்க்கும். சின்னப் பிள்ளைகளில் சீக்கிரமே சுருங்கிப்போவது அதனாலும்தான்.

மூன்றாவது வழி, அந்தக் கலங்களையே கழுவி அகற்றுவது. சவர்க்காரத் தன்மையுள்ள இரசாயனங்களால் அலசி, வெறும் கொலாஜன் சட்டகத்தை வைக்கிறார்கள். நோயாளியின் கலங்கள் மெல்ல வந்து குடியேறும். ஜெர்மனியின் ஹனோவரில் பிள்ளைகளுக்கு நுரையீரல் வால்வு (இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாயின் வாயிலில் உள்ளது) இடத்தில் இப்படி வைத்ததில் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் பன்றி வால்வை இதுபோல் கழுவி ஐரோப்பாவில் நான்கு பிள்ளைகளுக்கு வைத்தபோது மூவர் இறந்துபோனார்கள். கழுவுவதில் அவசரம் கூடாது.

என் கணிப்பில், ஒரு பெரியவருக்கு, இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் போகும் வாயிலில் உள்ள பெருந்தமனி வால்வின் இதழ்கள் மட்டும் பழுது, உறையும் நன்றாக இருக்கிறது என்றால் சொந்த உறையே முதலில் கேட்க வேண்டியது, அதைச் செய்து பழகிய சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தால். வளரும் பிள்ளையின் நுரையீரல் வால்வு என்றால் கழுவிய மனித வால்வு. அது கிடைக்காதபோது உறையவைத்த வால்வு. பிள்ளைக்குக் குளூட்டரால்டிஹைட் இதழ் வைப்பதென்றால், மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டிவரலாம் என்பதைப் பெற்றோருக்கு முதலிலேயே சொல்ல வேண்டும்.

சரி, வால்வு எங்கிருந்து வரும்? ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தான சங்கத்தால் இலங்கைக் கண்கள் உலகெங்கும் போயிருக்கின்றன. இழையங்களைத் தானமாகக் கொடுக்க 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. முழு இதயத்தைக் கொடுக்கப் பொதுவாக மூளைச்சாவு உறுதிப்பட வேண்டியிருக்கும். வால்வை இதயம் நின்ற சில மணி நேரத்துக்குப் பிறகும் எடுக்கலாம். கண் கொடுக்கச் சம்மதிக்கும் குடும்பத்திடம் அதே நேரத்தில் வால்வையும் கேட்கலாம்.