‘பிளாக்’ என்றதும் நாங்கள் புரிந்துகொண்டதும் உண்மையில் இருந்ததும்

சிங்கப்பூரிலிருந்து மூன்று வார விடுப்பில் தேவிபட்டினம் வந்திருந்தேன். நான்காம் நாள் காலை, நவபாஷாணக் கரையில் நடந்துகொண்டிருந்த பெரியப்பா கண் இருண்டு சரிந்து விழுந்தார். சற்று நேரத்தில் தானாகவே எழுந்தும் உட்கார்ந்தார். அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் ஈசிஜி எடுத்து, ‘பிளாக் இருக்கிறது’ என்று மட்டும் சொல்லி, குளுக்கோஸ் ஏற்றி, மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிளாக் என்றதும் ரத்தக்குழாய் அடைப்பு என்றே நினைத்தோம். ஸ்டென்ட் எங்கே வைப்பது என்பது வரை வீட்டில் பேச்சுப் போயிற்று. அந்த ஒரு நாள் தாமதத்தை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

இரவில் மீண்டும் மயங்கியதும் 108-ஐ அழைத்தோம். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் மருத்துவர் ஈசிஜி தாளை விரித்துப் பேனாமுனையால் காட்டினார்: இதயத்தின் மேலறைகளைக் குறிக்கும் சிறு மேடுகள் நிமிடத்துக்கு 80 என்று ஒழுங்காக ஓட, கீழறைகளின் உயரமான கோடுகள் அவற்றோடு ஒட்டாமல் தம் போக்கில் 34 மட்டுமே இருந்தன. “இது குழாய் அடைப்பில்லை சார், கரண்ட் போகிற வழியில் தடை. மேலே போடுகிற உத்தரவு கீழே வந்து சேரவே இல்லை” என்றார்.

பெரியம்மா பீரோவிலிருந்து கொண்டுவந்த பழைய ஈசிஜி தாள் பாதி மங்கியிருந்தது. மேலிருந்து கீழே மின்துடிப்பு சேர 0.20 வினாடி, அதாவது ஈசிஜி தாளில் ஐந்து சிறுகட்டம், வரை ஆகலாம். அதில் ஆறு கட்டம் இருந்தது. அது இந்தத் தடையின் முதல் நிலை. தாமதமானாலும் ஒவ்வொரு துடிப்பும் போய்ச் சேரும், பெரும்பாலும் சிகிச்சையே தேவைப்படாது. இரண்டாம் நிலையில் சில துடிப்புகள் விடுபடும். தாமதம் படிப்படியாக நீண்டு ஒன்று விடுபடுவதைவிட, எந்த முன்னறிகுறியும் இன்றித் திடீரென விடுபடுவதே ஆபத்து, ஏனெனில் அது முழுத் தடையாக மாறக்கூடும். பெரியப்பா அந்த முழுத் தடையான மூன்றாம் நிலைக்கே வந்திருந்தார்.

ரத்த அழுத்தத்துக்கு அவர் உட்கொண்ட மெட்டோப்ரோலால் இந்தத் தடையைக் கூட்டக்கூடியது என்பதால் அதை உடனே நிறுத்தினார்கள். வெளியிலிருந்து துடிப்பூட்டும் பட்டைகளை மார்பில் ஒட்டி, மருத்துவர் ஒருவரும் உடன்வர, மதுரைக்கு அனுப்பினார்கள். பரமக்குடி தாண்டும்வரை நான் மானிட்டரைவிட்டுக் கண் எடுக்கவில்லை. மருந்தின் தாக்கம் தீர்ந்த பிறகும் தடை விலகாததால் இதயத்தைத் துடிக்கவைக்கும் கருவியான நிரந்தரப் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள்.

ஊர் திரும்பும் முன் பழைய தாள், புதிய தாள் இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்து, பேஸ்மேக்கர் அட்டையோடு சேர்த்துப் பெரியம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அசல் தாளின் பதிவு இன்னும் மங்கும்.